மே மாதத்து மைதானம்

எங்கள் மைதானம் வருஷத்தில் பத்து மாதம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். ஏப்ரல் கடைசியில் அணையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் முதலில் பட்டுப்போன கருவேல மரங்களின் நுனி தெரியும். பிறகு பழைய கிணற்றின் கல்கட்டு. அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் சப்பையாக, பழுப்பாக ஒரு நிலம் வெளியே வந்து வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்கும். சேறு காய்வதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். காய்ந்த பிறகு பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளில் மண்ணைப் போட்டு மிதித்துச் சமமாக்கினால் பந்து விளையாடலாம். ஜூனில் மலையில் மழை பிடித்துவிட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் மூழ்கிவிடும்.

நான் பிறந்தது ஒரு தீவில் என்று சொன்னால் இங்கே போத்தனூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். "கோயமுத்தூர்ப் பக்கம் ஏதுங்க தீவு? ராமேஸ்வரமா உங்களுக்கு?" என்பார்கள். அணை கட்டுவதற்கு முன்னால் அது தீவு இல்லை. ஆற்றங்கரையில் ஒரு ஊர், ஊருக்குப் பின்னால் ஒரு மேடு, அவ்வளவுதான். அணை வந்தபோது தோட்டம் காடு வைத்திருந்தவர்கள் அரசாங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைப் பக்கமும் பல்லடம் பக்கமும் போய்விட்டார்கள். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் பணமும் கிடையாது. தண்ணீர் ஏற ஏற அவர்கள் பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். தண்ணீர் மேட்டைச் சுற்றிக்கொண்டது. அப்போது என் அப்பாவுக்கு ஆறு வயது. நான் பிறந்தபோது அங்கே இருபத்தி மூன்று வீடுகள் இருந்தன. கூலிக்காரர்களாக இருந்தவர்கள் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் இடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'மேடு'. வேறு பெயர் இல்லை.

கோடையில் எவ்வளவு வற்றினாலும் கரைக்கு நடந்து போக முடியாது. மேட்டின் இரண்டு பக்கமும் பழைய ஆற்றுத் தடம் ஆழமாக ஓடியது. அதைத் தாண்டப் பரிசல்தான். பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி எல்லாமே வடகரையில். காற்று அதிகமான நாட்களில் பரிசல் விடமாட்டார்கள். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தவர்கள் காய்ச்சலோடு படுத்திருப்பார்கள்.

கால்பந்து எங்களுக்கு வந்தது மலையாளிகளால். ஒரு வருஷம் மதகு வேலைக்காக வந்த பாலக்காட்டு ஆட்கள் ஐந்தாறு மாதம் எங்கள் மேட்டில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அணிக்கு ஏழு பேராகப் பிரிந்து ஆடுவார்கள். என் அண்ணன் அப்போது எட்டு ஒன்பது வயதுப் பையன். அவர்களுடைய ஆட்டத்துக்குள் புகுந்து புகுந்து ஓடுவான். முதலில் விரட்டினார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். போகும்போது ஒரு பழைய பந்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் தோல் பிரிந்தபோது அப்பா வலை பின்னும் நைலான் நூலால் தைத்துக் கொடுத்தார்.

அண்ணன் எப்படி ஆடுவான் என்று எழுதத் தெரியவில்லை. பந்து அவன் காலுக்கு வந்தால் மற்றவர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், எதிரணிக்காரர்களும்தான். அவன் வேகமாக ஓடுகிறவன் கிடையாது. எப்போது நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவன் சட்டென்று நிற்பான், கூட ஓடியவன் நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பான், அதற்குள் பந்து வேறெங்கோ இருக்கும்.

மேட்டில் ஆடுகிற வயதில் இருந்த பையன்கள் ஆறே பேர். ஏழாவது ஆள் நான். பதினோரு வயதுப் பெண்ணைக் கோலில் நிறுத்தியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, ஆள் இல்லை என்பதுதான் காரணம். பரிசலிலிருந்து கரைக்கு வீசுகிற மீன்கூடைகளைப் பிடித்துப் பழகிய கை என்பதால் எனக்குப் பந்தைப் பிடிப்பது கஷ்டமாகத் தெரியவில்லை. அம்மா மட்டும் திட்டுவாள். "பொட்டப்புள்ள சேத்துல உழுந்து பொரண்டுட்டு வருது. நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பாள். அப்பா காதில் வாங்காத மாதிரி வலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு மே மாதமும் வடகரையில் இருந்த அணை குவார்ட்டர்ஸ் பையன்கள் எங்களோடு ஒரு மேட்ச் ஆட வருவார்கள். அவர்கள் அணையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். மஞ்சள் பனியனும் ஷூவும் போட்டிருப்பார்கள். கரையில் அவர்களுக்கு மைதானம் கிடையாது, எல்லாம் பாறையும் சரிவும். அதனால் எங்கள் மைதானத்துக்கு வருவார்கள். மேட்டுக்கு வெளியாட்கள் வருகிற ஒரே நாள் அதுதான். இருபத்தி மூன்று வீடும் கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிடும். அந்த நிலம் ஒரு காலத்தில் ஒரு பெரிய பண்ணையத்தின் கடலைக்காடாக இருந்தது என்றும், அதில் எங்கள் தாத்தா ஏர் ஓட்டினார் என்றும் அப்பா ஒரு முறை சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பெனால்டி எல்லைக்குள் ஒரு மரத்தின் அடிக்கட்டை இருந்தது, அதில் இடித்துக்கொள்ளாமல் எப்படி நிற்பது என்பதுதான் என் கவலை.

அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம், அவனுடைய பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார் ஒரு வேலை செய்தார். கோயமுத்தூரில் ஒரு விளையாட்டு விடுதியில் பந்து சொல்லிக்கொடுக்கிற தன் சிநேகிதர் ஒருவரை மேட்சுக்குக் கூட்டி வந்தார். சாப்பாடு, படிப்பு, பந்து மூன்றையும் இலவசமாகக் கொடுக்கிற விடுதி அது. அந்த மனிதரை எல்லோரும் கோச் என்றார்கள், நாங்களும் கோச் என்றோம். அப்பாதான் அவரைப் பரிசலில் கூட்டி வந்தார். தண்ணீரைத் தாண்டுகிற வரை அவர் பரிசல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாராம். மேட்டில் இறங்கியதும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "தினமும் இப்படித்தான் ஸ்கூலுக்கு வர்றாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "காத்து இல்லாத நாள்லீங்."

அன்றைக்குப் பி.டி. வாத்தியாரே ரெப்ரி. முதல் பாதியில் நாங்கள் இரண்டு கோல் வாங்கினோம். ஒன்று அந்தக் கட்டையில் பட்டுத் திரும்பிய பந்து, என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இன்னொன்று என் கால்களுக்கு நடுவே போனது. அது என் தப்புதான். ஹாப் டைமில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அம்மணி, நீ ஏன் பின்னாலயே நிக்கற? பந்து வர்றப்ப ரெண்டடி முன்னால வா. அவனுக்கு கோல் சின்னதாத் தெரியும்," என்றான்.

"பயமா இருக்குதண்ணா. ஷூ போட்டிருக்கறாங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றான். அவன் கோச் பக்கம் பார்க்கவேயில்லை.

இரண்டாம் பாதியில் அவன் மூன்று கோல் போட்டான். முதல் கோலை நான் சரியாகப் பார்க்கவில்லை, புழுதி. இரண்டாவதில் அவன் பந்தோடு ஓடி வந்து, வழக்கம்போல நின்றான். இரண்டு மஞ்சள் பனியன்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மூன்றாவது கோல் ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது. ரொம்ப தூரத்திலிருந்து இடது காலால் அடித்தான். கோலி கையைத் தூக்குவதற்குள் பந்து கம்புக்கு உள்பக்கம் உரசிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு அவர்கள் ஒரே ஒரு தடவைதான் என் பக்கம் வந்தார்கள். நான் இரண்டடி முன்னால் வந்து நின்றேன். பந்து என் நெஞ்சில் வந்து விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது, ஆனால் பந்தை விடவில்லை.

நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். குவார்ட்டர்ஸ் பையன்களை மேடு ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

கோச் ஸ்கோரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு இடது காலால் நாலு, வலது காலால் நாலு பந்து அடிக்கச் சொன்னார். பிறகு அவனுடைய பாதத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஷூ போட்டு ஆடியிருக்கியா தம்பி?"

"இல்லீங் சார்."

"வெடிப்புல கால் கிழியாதா?"

"பழகிப்போச்சுங்."

"பத்தாவது எத்தனை மார்க் வரும்?"

"பாஸ் ஆயிருவனுங்."

கோச் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, பையனை என்கிட்ட விடறீங்களா? ரெண்டு வருஷம் விடுதியில இருக்கட்டும். நல்லா ஆடினா அப்புறம் ரயில்வே, பேங்க், போலீஸ்னு விளையாட்டுக் கோட்டாவுல வேலை கிடைக்கும். உங்க பையன் ஆடுவானுங்க. நான் சும்மா சொல்லலை."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாதான் முன்னால் வந்து, "கூட்டிட்டுப் போங் சார். எங்கியாச்சும் தரையில இருக்கட்டும்," என்றாள்.

கோச் என்னையும் பார்த்தார். "இந்தப் பாப்பாவுக்கு நல்ல கைங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கு மேல் அந்த வாக்கியத்தைக் கொண்டுபோக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போகும்போது கோச் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூட டி.சி., மார்க் ஷீட், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். ஜூன் முடிவதற்குள் சேர வேண்டும். அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும், எடுக்கமாட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்த மாதிரி சந்தோஷம் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. அம்மா ஒரு தகரப் பெட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தாள். மேட்டில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஏதோ அவனை முன்பின் பார்க்காதவர்கள் மாதிரி.

சான்றிதழ் வாங்க அப்பாவும் அண்ணனும் வடகரையில் இருந்த கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். நானும் அழுது அடம்பிடித்துக் கூடவே போனேன். அவர் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். ஒரு பெரிய நோட்டை எடுத்துப் புரட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து அண்ணனிடம் காட்டினார்.

"படி கண்ணு. உங்க ஊருக்கு நேரா என்ன எழுதியிருக்குது?"

அண்ணன் படித்தான். "அணை நீர்ப்பிடிப்புப் பகுதி."

"நீர்ப்பிடிப்புல ஆளுங்க குடியிருக்க முடியாதுங்களே," என்று அவர் அப்பாவிடம் சொன்னார். "அங்க ஊடு இருக்குது, ஆளு இருக்குதுன்னு நான் கையெழுத்துப் போட்டா, தண்ணிக்குள்ள ஊரு இருக்குதுன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க. என்ற வேலை போயிரும்."

"நாங்க இருக்கறமுங்களே சாமி," என்றார் அப்பா.

"இருக்கறீங்க. இல்லீன்னு நான் சொல்லலீங்க. ரெக்கார்டுல இல்லீங்க."

எங்களுக்கு ரேஷன் கார்டு இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் இரக்கப்பட்டு, விலாசம் கேட்காமல் சேர்த்துக்கொண்டிருந்தார். அதனால் அதுவரை எங்களுக்கு இந்தக் கேள்வி வரவில்லை. மேட்டிலிருந்து யாரும் எங்கேயும் போய் எதையும் கேட்டதில்லை என்பதும் ஒரு காரணம்.

தென்கரையிலும் போய்க் கேட்கும்படி அவரே சொல்லி அனுப்பினார். தென்கரை வேறு தாலுகா. அங்கிருந்த அதிகாரியும் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க வடக்கத்திக் கணக்குங்க. நான் எழுதினா வடகரைக்காரர் சண்டைக்கு வருவாருங்க," என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். எங்களை யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை, யாரும் எதையும் கொடு என்று கேட்கவும் இல்லை. எல்லோரும் 'ங்க' போட்டுத்தான் இல்லை என்றார்கள். எதிர்த்துப் பேச அதில் இடமே இல்லை. ஒரு ஆள் கத்தியிருந்தால்கூட அப்பா பதிலுக்குக் கத்தியிருப்பார் என்று பின்னாளில் நினைத்திருக்கிறேன்.

பி.டி. வாத்தியார் கூட வந்து தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தார். வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து இடத்தைப் பார்த்து, ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று எழுதினால் மேலே பேசலாம் என்றார்கள். அதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. மலையில் மழை. எங்கள் மைதானத்தின் கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ஒரு மத்தியானம் கரை வரைக்கும் ஜீப்பில் வந்தார். அப்பா பரிசலை ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆய்வாளர் தண்ணீரைப் பார்த்தார். பரிசலைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க," என்றார்.

"நான் இருக்கறனுங்க. பிடிச்சுக்குங், கா மணி நேரந்தான்."

"குழந்தை குட்டிக்காரனுங்க நான். தண்ணி வத்தட்டுங்க. கண்டிப்பா வாரேன்."

அதற்கு அண்ணன்தான் பதில் சொன்னான். "தண்ணி எப்பவுமே முழுசா வத்தாதுங் சார். கோடையிலயும் பரிசல்தானுங்."

அவர் ஜீப்பின் கதவைத் திறந்தார். "அப்பக் கஷ்டந்தானுங்க தம்பி," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஜீப் போய்விட்டது. அங்கிருந்து பார்த்தால் எதிரே மேட்டில் எங்கள் வீட்டுக் கூரையும், கொடியில் அம்மாவின் சேலை காய்வதும் நன்றாகத் தெரிந்தன.

ஜூன் கடைசி வாரத்தில், கையில் மார்க் ஷீட்டும் டி.சி.யும் மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் கோயமுத்தூர் போனோம். கோச் ஏதாவது செய்வார் என்று அப்பா நம்பினார். காந்திபுரத்தில் இறங்கி, எந்த டவுன் பஸ் என்று தெரியாமல் மூன்று பேரிடம் கேட்டு, மத்தியானம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே ஒரு மைதானம் இருந்தது. முழுக்கப் பச்சைப் புல். ஒரு ஓரத்தில் ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் வயதுப் பையன்கள் நீல உடையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல் மேல் ஏறி நின்றான். வேறு ஒன்றும் செய்யவில்லை. நின்றான், அவ்வளவுதான்.

கோச் எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக வந்தார். காகிதங்களை வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எங்களை ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே அவர் சத்தம் போடுவது எங்களுக்குக் கேட்டது. "ஊரே இருக்குதுங்க, நானே கண்ணால பாத்துட்டு வந்தேன்," என்று இரண்டு தடவை சொன்னார். எதிராளியின் குரல் கேட்கவில்லை. தாழ்வாகப் பேசினார் போல.

வெளியே வந்தவர் அப்பாவுக்கு நேரே உட்கார்ந்தார். "சான்றிதழ் இல்லாமப் பேரையே பதிய முடியாதுங்கறாங்க. என்னால முடிஞ்சதைப் பேசிட்டேனுங்க," என்றார்.

"நீங்க என்னங் பண்ணுவீங்க," என்றார் அப்பா.

கோச் எங்களை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். அவனுக்குப் பதினைந்து வயது, காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான் கல்யாணமான அன்னிக்கே கரையேறிப் போயிருக்கோணும் கண்ணு. என்ற தப்புத்தான்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். "வுடுங்கப்பா," என்றான்.

நாங்கள் கரைக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. மைதானம் முழுக்க மூழ்கியிருந்தது. கோல் கம்புகளைப் பிடுங்கி வைக்க எல்லோரும் மறந்திருந்தார்கள்.

ஆடி மாதம் அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். கோயமுத்தூரில் ஒரு பவுண்டரி. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற இடம். அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. தோளைத் தட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மே மாதம் குவார்ட்டர்ஸ் பையன்கள் மேட்சுக்கு வந்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். ஆறு பேரோடு ஆடினோம். நான் எட்டு கோல் வாங்கினேன். மறு வருஷம் நான் பெரியவளாகிவிட்டேன், அம்மா என்னை மைதானத்துக்கு விடவில்லை. அதற்கடுத்த வருஷம் நல்ல மழை, மே மாதமும் நிலம் வெளியே வரவில்லை. அப்புறம் குவார்ட்டர்ஸிலும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குப் பதிலாகப் புதிதாக யாரும் வரவில்லை. வீடுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆட்டம் எந்த வருஷம் நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

நான் பத்தாவதோடு நின்றேன். அண்ணன் என்னைப் போத்தனூருக்குக் கூட்டி வந்து, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டான். இன்றைக்கும் அந்த வேலைதான். கல்யாணம் ஆனது, பக்கத்துத் தெருவிலேயே வீடு.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் மேட்டைக் காலி செய்துவிட்டார்கள். அணையின் பாதுகாப்புக்கு ஆட்கள் அங்கே இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். இந்தத் தடவை அவர்களுக்குப் பரிசல் தேவைப்படவில்லை, மோட்டார் படகில் வந்தார்கள். இத்தனை வருஷம் யாரும் இல்லாத இடத்திலிருந்து எப்படி எங்களைக் காலி செய்யச் சொல்கிறீர்கள் என்று என் சித்தப்பா மகன் கேட்டானாம். அவர்கள் சிரித்துவிட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தானுங்க," என்றார்களாம். வடகரையில் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். இன்றுவரை தற்காலிகம்தான். அப்பா அந்தத் தகரத்தின் கீழே இரண்டு கோடைதான் இருந்தார். அவர் இறந்தபோது இறப்புச் சான்றிதழ் மூன்றே நாளில் கிடைத்தது. அவர் பேரில் அரசாங்கம் கொடுத்த முதல் காகிதம் அது. அம்மா அதை மடித்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அண்ணனுக்கு ஒரே பையன். போன வருஷம் பன்னிரண்டாவது முடித்தான். கெட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அது இல்லையென்றால் கோட்டாவும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். நானே அவனை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் போட்டேன். 'தந்தையின் சாதிச் சான்றிதழை இணைக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. தந்தைக்கு இல்லை என்று எழுதினோம். பத்து நாளில் நிராகரிக்கப்பட்டது. மறுபடி போட்டோம், மறுபடி நிராகரிக்கப்பட்டது.

நான் விடவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். நாலு பக்கம் எழுதியிருந்தேன். மேடு, அணை, நீர்ப்பிடிப்பு, பரிசல், தகரக் கொட்டகை எல்லாவற்றையும் எழுதினேன். வரிசையில் நின்று கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அதிகாரி முதல் பக்கத்தின் பாதியைப் படித்துவிட்டு, "பாக்கச் சொல்றேங்க அம்மணி," என்று கையெழுத்துப் போட்டார். ஒரு எண் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போனுக்குச் செய்தி வந்தது. நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புவதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முட்டி இரண்டும் போய்விட்டதால் தரையில் உட்கார முடியாது, நாற்காலியில் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். செய்தியை வாசித்துக் காட்டினேன். சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது, விதிகளின்படி பரிசீலிக்கப்பட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது.

"முடிச்சு வெச்சுட்டாங்களா?" என்றான்.

"ஆமாண்ணா. வக்கீல் ஒருத்தரப் பாக்கலாமுன்னு இருக்கறேன். கம்பெனியில ஒரு அக்காவுக்குத் தெரிஞ்சவராம்."

அவன் மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தான். "அதெல்லாம் எதுக்கு அம்மணி. பையங்கிட்ட நான் பேசிட்டேன். செரின்னுட்டான்."

"என்ன பேசினே?"

"வேலைக்குப் போன்னு சொன்னேன்."

பையன் உள்ளறையில்தான் இருந்தான். நாங்கள் பேசியது அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் வெளியே வரவில்லை. அண்ணன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி ஷிப்டுக்குப் போனான். நான் வக்கீலைப் பார்க்கவில்லை. பையன் இப்போது காந்திபுரத்தில் ஒரு கடையில் செல்போன்களுக்கு ஸ்க்ரீன் மாற்றுகிறான். காலை ஒன்பதரைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.